வான்வழித் தூரமும் பயண நேரமும்: கொக்கலை முதல் பேர்த் வரை

வீரமுனையிற் கோயில்கொண்டருளும் விநாயகப்பெருமானுக்குச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் என்பது திருநாமம். யாத்திரை என்னுஞ் சொல் தெய்வத்தின் பெயரிலேயே அமைந்திருத்தல் கருதத்தக்கது. சோழ அரசகுமாரியாகிய சீர்பாததேவி தன் கணவன் வாலசிங்கனுடனும் பரிவாரங்களுடனும் மரக்கலமேறி ஈழத்தின் கீழைக்கரை வழியே வந்துகொண்டிருந்தபோது, திருக்கோணேசர் ஆலயத்துக்கு நேரே கலம் நகராது நின்றது என்றும், கடலினுள்ளே விநாயகர் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டது என்றும், கலம் சென்று தங்கும் இடத்தில் ஆலயம் எடுப்பதாக நேர்ந்துகொள்ள அது வீரமுனையில் வந்து தங்கியது என்றும் கர்ணபரம்பரையாக வழங்கிவருகின்றது. வரலாற்றாசிரியர் இதனை எவ்வாறு மதிப்பினும் ஆகுக. பண்டைப் பயணத்தின் இயல்பு ஒன்றை இக்கதை தெளிவாகக் காட்டுகின்றது. கலத்தில் இருந்தோர் எத்தனை நாளில், எக்கரையில் இறங்குவோம் என்பதை அறிந்திலர்.

இன்று அதே வீரமுனையிலிருந்தும், அயலூர்களாகிய சம்மாந்துறை, கல்முனை என்பவற்றிலிருந்தும் கடல்கடந்து செல்வோரின் பயணச்சீட்டிலே, புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் நிமிடக் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கின்றன. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் பெறப்படும் என்பது கீழ் வகுப்புப் பிள்ளையும் அறிந்த கணக்கு. ஆனால் ஒரே இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே போகும் நேரம் ஒன்றாகவும் திரும்பும் நேரம் வேறொன்றாகவும் இருப்பதேன்? தூரம் சிறிதும் மாறாதிருக்க, ஓராண்டிலிருந்து மற்றோராண்டுக்குள் பயண நேரம் மூன்று மணி கூடிவிடுவதேன்? தூரம் பூமியின் வடிவத்தால் நிலைபெற்றது; நேரமோ காற்றாலும் இயந்திரத்தாலும் அரசுகளின் பகையாலும் ஆவது.

முதலில் தூரம் என்பது யாதென நோக்குதல் வேண்டும். வகுப்பறைச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இரண்டு நகரங்களை ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அதுவே குறுகிய வழி எனப் பலர் கருதுவர். கோள வடிவினதாகிய பூமியைத் தட்டையான தாளில் வரையுங்கால் உருவம் திரிபடைகின்றது. ஆதலின் அந்நேர்கோடு குறுகிய வழியாதல் அரிது. மேசை மீதுள்ள பூகோள உருண்டையில் இரண்டு இடங்களையும் ஒரு நூலால் இணைத்து, நூலை இறுக இழுத்துப் பிடித்தால், அந்நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகியது. கோளத்தின் மையத்தினூடாகச் செல்லும் தளம் மேற்பரப்பை வெட்டுவதால் உண்டாகும் வட்டத்தின் ஒரு துண்டே அது. இதனைப் பெருவட்டம் என்பர்.

நம்மவர் பலர் குடியேறி வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரை எடுத்துக்கொள்வோம். கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ எத்திசையில் உள்ளது என்று மாணாக்கரைக் கேட்டால், மேற்கு அல்லது வடமேற்கு என்றே விடை வரும். பெருவட்ட வழியோ ஏறக்குறைய வடக்கு நோக்கிப் புறப்படுகின்றது. இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவையும் உருசியாவையும் தாண்டி, வட அகலக்கோடு 72 பாகை வரை ஏறி, ஆர்க்டிக் சமுத்திரத்தைத் தொட்ட பின்னரே கனடாவை நோக்கி இறங்குகின்றது. நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். உருண்டையில் நூலிட்டுப் பாராதவருக்கு இது நம்பத்தக்கதாய்த் தோன்றாது.

இத்தூரங்களை அளத்தற்குக் கடல் மைல் என்னும் அளவை மிக வாய்ப்பானது. பூமியின் மையத்தில் ஒரு பாகைக் கோணம் தாங்கும் பெருவட்டத் துண்டை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கடல் மைல் ஆகும்; இன்றைய வரையறைப்படி 1,852 மீற்றர். ஆகவே இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள மையக் கோணத்தைக் கண்டு அறுபதால் பெருக்கினாற் போதும். அகலக்கோடும் நெடுங்கோடும் தெரிந்தால் கோள முக்கோணக் கணிதம் அக்கோணத்தைத் தந்துவிடும். தென்னிலங்கையில் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலைக்கும், மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த்துக்கும் இடையிலுள்ள கோணம் ஏறத்தாழ 50.8 பாகை. அறுபதால் பெருக்க ஏறத்தாழ 3,050 கடல் மைல் வரும். அது 5,650 கிலோமீற்றர், அல்லது தரை மைலில் 3,513.

கொக்கலையை உதாரணமாகக் கொண்டது காரணமின்றியன்று. வான்பயண வரலாற்றில் அவ்வூருக்கு நிகரற்ற ஓர் இடமுண்டு. ஆயினும் நம் நாட்டுப் பிள்ளைகளுள் அதனை அறிந்தோர் சிலரே.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர், அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து செல்லும் விமான வழி சிங்கப்பூரினூடாகச் சென்றது. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அதனோடு அவ்வழி அறுந்தது. ஏப்பிரில் 4ஆம் நாள் கொக்கலையிலிருந்து வேவு பார்க்கச் சென்ற கற்றலீனா விமானம் ஒன்று யப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டறிந்து செய்தி அனுப்பியது. மறுநாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அதே 9ஆம் நாளில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் சிதைவு இன்றும் அக்கடலடியிலே கிடக்கின்றது.

இத்தகைய நிலையில் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே முக்கியமான தபாலையும் அதிகாரிகளையும் கொண்டுசெல்ல வேறு வழி வேண்டியதாயிற்று. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலை வாவிக்கு, இடையில் எங்கும் தங்காது, இந்து சமுத்திரத்தைக் குறுக்காகக் கடக்கும் சேவையைத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்டவை நீரில் இறங்கவும் நீரிலிருந்து எழவும் வல்ல ஐந்து கற்றலீனா விமானங்கள்.

5,650 கிலோமீற்றர் தூரத்துக்கு எடுத்த நேரம் எவ்வளவு? பொதுவாக 28 மணி. எதிர்க்காற்று வாய்த்தால் 32 மணி வரை சென்றது. ஒரே பயணத்தில் இருமுறை, வானத்திலிருந்தவாறே பயணிகள் சூரியோதயத்தைக் கண்டனர். ஆதலின் அச்சேவைக்கு இரட்டைச் சூரியோதயம் என்னும் பெயர் நிலைத்தது. கடந்து வந்தோருக்கு அப்பெயரால் ஓர் இரகசியச் சங்கத்தின் சான்றிதழும் வழங்கப்பட்டது.

மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் என்னும் வேகம் இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். அவ்விமானத்தின் கணக்கை நோக்கினால் நகைப்பு நீங்கும். இத்துணை நேரம் பறப்பதற்கு வேண்டிய எரிபொருளை ஏற்றும்பொருட்டு வேண்டாத பாரமெல்லாம் களையப்பட்டது. எஞ்சிய இடத்தில் ஏற்றப்பட்டது மூன்று பயணிகளும் 69 கிலோகிராம் தபாலுமே. எரிபொருள் நிறைந்த பாரத்தால், புறப்பட்ட முதற் பல மணி நேரத்துள் இரண்டு இயந்திரங்களுள் ஒன்று நின்றுவிடினும் மற்றையது விமானத்தைத் தாங்கியிராது. வேகத்தைக் கூட்டினால் எரிபொருள் முன்னரே தீர்ந்துவிடும். ஆகவே மெல்லச் செல்வதே கரைசேரும் வழியாயிருந்தது. யப்பானிய விமானங்கள் காவல் புரியும் பகுதியை இருளிலே கடக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. பகைவர் கேட்பர் என அஞ்சி வானொலியும் பெரும்பாலும் மௌனமாயிற்று. எனவே வழிகாட்டியது விண்மீனே. மாலுமி செக்ஸ்டன்ற் என்னும் கருவியால் விண்மீனின் உயரத்தை அளந்து, தன் இடத்தைக் கணித்தார்.

ஐந்து விமானங்களுக்கும் அவ்வாறு வழிகாட்டிய விண்மீன்களின் பெயர்களே இடப்பட்டன: ஸ்பைக்கா, அந்தாரிஸ், அல்ரெயர், வேகா, ரைஜெல். இவை அந்நியப் பெயர்களாயினும் விண்மீன்கள் அந்நியமல்ல. ஸ்பைக்கா நம் பஞ்சாங்கத்துச் சித்திரை, அந்தாரிஸ் கேட்டை, அல்ரெயர் திருவோணம், வேகா அபிசித்து. அபிசித்தும் ரைஜெலும் நம் இருபத்தேழினுள் இடம்பெறாதவை; எனினும் ரைஜெல் திருவாதிரை மீன் திகழும் அதே விண்மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. சோதிடத்துக்கு மாத்திரமே உரியன என்று நம்மிற் பலர் ஒதுக்கிவிட்ட இப்பெயர்கள், நடுக்கடலின் மேலே உயிர்காக்கும் கணக்குக்கு உதவிய மீன்களின் பெயர்கள் என்பதை ஆசிரியர் மாணாக்கருக்கு எடுத்துரைத்தல் நன்று.

1945 யூலை வரை கற்றலீனாக்கள் இவ்வாறு 271 முறை இச்சமுத்திரத்தைக் கடந்தன. பயணிகளுள் ஒருவரேனும் இழக்கப்படவில்லை. 1944இல் லிபரேற்றர் என்னும் தரை விமானங்களும் இரத்மலானைக்கு வரத் தொடங்கின. நேரம் ஏறத்தாழ 17 மணியாகக் குறைந்தது. யுத்தம் முடிந்ததும், அமெரிக்காவுடன் செய்யப்பட்ட யுத்தகால உடன்படிக்கையின் நிபந்தனைக்கிணங்க, அந்த ஐந்து கற்றலீனாக்களும் அவுஸ்திரேலியக் கடலிலே மூழ்கடிக்கப்பட்டன. பேணிவைத்திருக்கலாகாதா என்று இன்று ஏங்குவோர் உளர்.

இனி, காற்றின் பங்கினை நோக்குதல் தகும். கற்றலீனா போன்ற மந்தகதி விமானத்துக்குக் காற்றே எசமான். மணிக்கு 200 கிலோமீற்றர் செல்லும் விமானத்துக்கு 50 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று பின்னிருந்து வீசின் 5,650 கிலோமீற்றரைக் கடக்க 22½ மணி போதும். அதே காற்று எதிர்த்து வீசின் 37½ மணி வேண்டும். அத்தனை நேரத்துக்கு எரிபொருள் இராது. ஆதலின் பேர்த்திலிருந்து வருவோர் தென்கிழக்கு வியாபாரக் காற்றின் துணையை நாடியதில் வியப்பில்லை.

ஜெட் விமானமோ காற்றைவிடப் பன்மடங்கு விரைவது. எனினும் அதுவும் காற்றுக்கு முற்றும் அப்பாற்பட்டதன்று. நடு அகலக்கோடுகளில், நிலத்திலிருந்து 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போல விரைந்தோடும் காற்று உண்டு. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். யப்பானிய வானிலை அறிஞர் ஓஇஷி 1920களிலேயே பலூன்களை விட்டு இதனை அளந்து கண்டார். ஆனால் தம் முடிவுகளை எஸ்பெராந்தோ என்னும் ஆக்கமொழியில் வெளியிட்டமையால் உலகில் அதனைப் படித்தோர் மிகச் சிலரே. அறிவு எம்மொழியில் எழுதப்படுகின்றது என்பதும் ஒரு பெரிய காரியமே!

2020 பெப்ரவரியில் புயலோடு கூடிய இக்காற்றோட்டத்தின் துணையால் பிரித்தானிய விமானம் ஒன்று நியூயோர்க்கிலிருந்து இலண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. அத்தூரம் ஏறத்தாழ 5,540 கிலோமீற்றர். கொக்கலை–பேர்த் தூரத்துக்கு மிக அண்மையது. முன்னர் 28 மணி எடுத்த அளவினதான வழியை ஐந்து மணிக்குள் கடந்தமை இயந்திரமும் காற்றும் ஒருங்கே செய்த வேலை. மறுதிசையில், அதாவது இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு, இன்றும் ஏழு மணிக்கு மேல் செல்வது வழக்கம்.

போகையில் இழந்ததை வருகையில் மீட்டுவிடலாமே, ஈற்றில் கணக்குச் சரியாகிவிடாதா என்று ஒரு மாணாக்கன் கேட்கக்கூடும். கேட்கத்தக்க கேள்விதான், ஆயினும் சரியாகாது. 9,000 கிலோமீற்றரை மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் போய் வர, காற்றில்லாத போது இருபது மணி. 100 கிலோமீற்றர் காற்று வீசின், ஒரு திசையில் 1,000 வீதம் 9 மணி. மறுதிசையில் 800 வீதம் 11¼ மணி. ஆக இருபதேகால் மணி. எதிர்க்காற்றிலே நெடுநேரமும் துணைக்காற்றிலே குறுகிய நேரமும் செலவிடுவதால், நட்டம் இலாபத்தை விஞ்சுகின்றது.

காற்றுக்கு அடுத்தபடியாக நேரத்தை மாற்றுவது மனிதர் இடும் தடை. ஆகாயத்துக்கு வேலியில்லை என்பது கவிஞர் கூற்றாக இருக்கலாம். விமானிக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு நாட்டின் மேலுள்ள ஆகாயமும் அந்நாட்டுக்கே உரியது. 2022 பெப்ரவரியில் உக்ரெயின் யுத்தம் மூண்டபின் உருசிய ஆகாயம் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்குப் பத்து மணிக்குள் சென்ற விமானம் அதன்பின் ஏறத்தாழ 13 மணி பறக்க வேண்டியதாயிற்று. ஹெல்சிங்கியும் தோக்கியோவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தூரப் பட்டியலில் ஓர் இலக்கமும் மாறவில்லை.

இதனினும் பொருத்தமான உதாரணம் மீண்டும் பேர்த் நகரிலேயே கிடைக்கின்றது. 2018 மார்ச்சில் அதே குவாண்டாஸ் நிறுவனம் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு, ஏறத்தாழ 14,500 கிலோமீற்றரை இடையில் தங்காது 17 மணி அளவில் கடக்கும் சேவையைத் தொடங்கியது. 2024 ஏப்பிரிலில் ஈரான், இஸ்ரவேல் நாடுகளுக்கிடையே பதற்றம் முற்றியபோது ஈரானிய ஆகாயத்தை விலக்கிச் சுற்ற வேண்டி நேர்ந்தது. அச்சுற்றோடு மேற்குத்திசை எதிர்க்காற்றும் சேரவே, நிறைந்த பாரத்துடன் இலண்டன் சேர எரிபொருள் போதாதாயிற்று. ஆகவே விமானம் சிறிது காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் ஏற்றிச் சென்றது. இலண்டனிலிருந்து திரும்பும் விமானமோ, காற்று துணைநின்றமையால், தங்காமலே பேர்த் வந்து சேர்ந்தது. 1942இல் சிங்கப்பூர் அடைபட்டமையால் கொக்கலை வழி பிறந்தது. 2024இல் வேறோர் ஆகாயம் அடைபட்டமையால் விமானம் சிங்கப்பூரை நாடிற்று.

பயணச்சீட்டைப் படிப்போர் இடறும் இடம் மற்றொன்று உண்டு. அதில் அச்சிட்ட நேரங்கள் அவ்வவ்வூர்க் கடிகார நேரங்கள். இலங்கை நேரம் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. இங்கிலாந்தில் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவராதலின் அக்காலத்தில் வேறுபாடு நாலரை மணியாகும். இதனை உணராது ஒரு நேரத்திலிருந்து மற்றையதைக் கழிப்போர், இலண்டனிலிருந்து வர அரைநாளுக்கு மேல் என்றும், இலண்டன் போக ஆறு மணிக்குட்பட்டது என்றும் முடிவு செய்து மயங்குவர்.

இக்கணக்குகள் எல்லாம் கீழ்க்கரை மக்களுக்கு எவ்வகையிற் பயன்படும் என்பதே இறுதியில் எழும் வினா. கல்முனையிலிருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் ஏறத்தாழ 215 கிலோமீற்றர். ஜெட் விமானத்துக்கு அது கால்மணிப் பறப்பு. ஆனால் தரைவழியோ முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது. இரயில் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது. மகியங்கனைப் பதினெட்டு வளைவுகளினூடாகச் சென்றாலும், தெற்கே சுற்றிச் சென்றாலும் ஓர் இரவு முழுவதும் பஸ்ஸிலே கழியும். ஹஜ்ஜுக்குச் செல்லும் கல்முனை முஸ்லிம் பெரியவர் கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தாவுக்கு, ஏறத்தாழ 4,650 கிலோமீற்றரை, ஆறு மணி அளவில் கடந்துவிடுவார். தம் வீட்டிலிருந்து விமானம் ஏறுமிடத்துக்கு வர அதனினும் கூடிய நேரம் அவருக்குச் செல்கின்றது.

சாவு வீட்டிலேதான் இக்கணக்கு மிகக் கடுமையாகின்றது. அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களில் ஜனாஸா நல்லடக்கம் இயன்றளவு விரைவில் நிகழ வேண்டுமாதலின், தூரதேசத்துப் பிள்ளைக்காகக் காத்திருத்தல் பெரும்பாலும் இல்லை. இந்துக் குடும்பங்களில் கொள்ளி வைக்க மகன் வரவேண்டும் என்று பிரேதத்தை வைத்துக் காத்திருப்பர். அப்போது வீட்டிலுள்ள பெரியவர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியரையோ படித்த பிள்ளையையோ அழைத்து, தம்பி எத்தனை மணிக்கு வந்து சேருவான் என்று கேட்பர். இலண்டன் பதினொரு மணிப் பயணந்தானே என்று சொல்லிவிடுதல் எளிது. அச்சொல்லை நம்பிக் கிரியைக்கு நேரம் குறித்து, ஊருக்கெல்லாம் அறிவித்தபின், மகன் வாராமையால் மயானத்துக்கும் வீட்டுக்குமிடையே ஆள் அனுப்பித் தவிக்கும் குடும்பங்கள் உள.

மாரிகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு வீரமுனையில் ஒரு தந்தையார் இறந்தார் எனக் கொள்க. அப்போது இலண்டனில் நள்ளிரவு பன்னிரண்டரை. மகனுக்குச் செய்தி உடனே எட்டினும், நேரே இலங்கைக்கு வரும் விமானம் அன்றிரவு எட்டரைக்கே புறப்படுவதாயின், இருபது மணி நேரம் அங்கேயே கழிந்துவிடும். எட்டரை என்பது நம் கடிகாரத்தில் சனி அதிகாலை இரண்டு மணி. தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். துணைக்காற்றோடு பத்தேமுக்கால் மணி எனின், முற்பகல் கழிந்து பன்னிரண்டே முக்காலுக்குக் கட்டுநாயக்காவில் இறங்குவான். குடிவரவும் பெட்டியும் முடிந்து வெளியேற இரண்டு மணி ஆகும். வாகனம் ஆயத்தமாய் நின்றால் ஏழெட்டு மணி நேரத் தரைவழி. சனிக்கிழமை இரவு பத்து மணி அளவில் அவன் வீட்டுப் படலையைத் திறப்பான். செய்தி வந்த நேரத்திலிருந்து நாற்பது மணி. வானத்திற் கழிந்தது பதினொன்றுக்கும் குறைவு. தகனக் கிரியையை ஞாயிறு காலைக்கு வைத்தல் வேண்டும்.